பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் கமா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி மிஷின்காரர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் கமாதான்.

அந்த அச்சகத்தில் கதையோ கவிதையோ அச்சாவதில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பிரித்த கையோடு நாம் கசக்கிப் போடுகிற தாள், அதுதான் அங்கே ஓயாமல் அச்சாகிறது. உலகத்தில் யாருமே படிக்காததை ஒரு எழுத்து விடாமல் படிப்பது கமாவின் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டாள். "ஒரு வேளைக்கு ஐந்து சொட்டு ஆறு வயதுக்கு மேல் பத்து சொட்டு" என்று தாளில் இருந்தது.

"ஆறு வயசுக்கு மேல அஞ்சு சொட்டா, பத்து சொட்டா? நடுவுல ஒரு கமா வேணும்," என்றாள்.

"ஒரு கமாவுக்காகவா மிஷினை நிறுத்துவாங்க? படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்கம்மா," என்றார் ஃபோர்மேன்.

"புரிஞ்சுக்காத ஒருத்தர் இருந்தா? அந்த வீட்டுல போய் நீங்க விளக்கம் சொல்லுவீங்களா?"

மிஷின் நின்றது. கமா விழுந்தது. பெயரும் அன்றோடு ஒட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இந்தக் கதை நடக்கும்போது முப்பத்து நான்கு. இடையில் குணம் மாறியதா என்று கேட்டால், கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். கடை போர்டு, பஸ் டிக்கெட், பத்திரிகை, எதைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் பிழையில்தான் போய் நிற்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவனும் இப்படித்தான் மாட்டினான்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அச்சகத்துக்குப் புதிய மிஷின் ஒன்று வந்தது. படிக்கட்டில் ஏறாது என்பதால் இரண்டாம் மாடிச் சுவரை இடித்து, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். வேடிக்கை பார்க்க எல்லாரும் தெருவில் இறங்கியிருந்தார்கள். எல்லாரும் மிஷினைப் பார்த்தார்கள். கமா கிரேனில் தொங்கிய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தாள். "பாரம் துக்கும்போது கீழே நிற்காதீர்" என்று எழுதியிருந்தது. மிஷின் பத்திரமாக உள்ளே போகும் வரை பொறுத்திருந்தாள். பிறகு நேராக ஆப்பரேட்டரிடம் போனாள்.

"உங்க போர்டுல தப்பு இருக்கு. 'துக்கும்' இல்ல, 'தூக்கும்'."

அவன் இறங்கி வந்து பலகையை ஒரு தடவை படித்தான். அவளை ஒரு தடவை பார்த்தான். "கீழ நின்னா துக்கம்தாங்க. போர்டு சரியாத்தான் இருக்கு," என்றான்.

கமாவுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. அன்று வந்தது. மறுநாள் அவன் பெயிண்ட் டப்பாவோடு வந்து, அவள் பார்க்கும்படி நின்று, அந்தச் சுழியைப் போட்டான். அப்புறம் என்ன, நாலு மாதம் மாலை நேரங்களில் ஒரே டீக்கடையில் இரண்டு டீ. அச்சகத்துக்கே விஷயம் தெரிந்தது. ஃபோர்மேன் மட்டும், "பாவம் அந்தப் பையன், வாயைத் திறந்தா திருத்துவா," என்று அவனுக்காகக் கவலைப்பட்டார்.

பிறகு அவனுக்குத் தூரத்தில் வேலை வந்தது. அகலமான ஆறு, குறுக்கே பாலம், நடு ஆற்றில் ஒரு மணல் திட்டு, அதன்மேல் கூடாரங்கள். இரண்டு பக்கமும் மலை. அங்கே செல்போனை டார்ச் லைட்டாக மட்டும் பயன்படுத்தலாம். வாரத்துக்கு ஒரு படகு சாமானும் தபாலும் கொண்டு வரும், கொண்டு போகும். முதல் மாதம் அவன் அந்தப் படகில் கரைக்குப் போய் போன் செய்தான். பேச்சு எப்படியோ சண்டையில் முடிந்து, "நான் என்ன சொல்றேன்னா" என்று அவன் ஆரம்பித்த இடத்தில் லைன் அறுந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று தெரிந்துகொள்ள அவள் எட்டு நாள் காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் முடிவுக்கு வந்துவிட்டாள். இனிமேல் கடிதம்தான், பாதியில் அறுந்துபோகாத ஒன்று கையில் இருக்கட்டும் என்று.

எழுதத் தாளையும் அவளே அனுப்பினாள். அச்சகத்தில் சோதனைக்காக ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, திருத்தி முடித்ததும் தூக்கிப் போடுகிற தாள்கள். கட்டுக்கட்டாகக் கிடக்கும். வெள்ளைப் பக்கத்தில் அவன் கடிதம் எழுதுவான். பின்பக்கம் இருமல் மருந்தோ வயிற்றுவலி மாத்திரையோ இருக்கும். உலகத்திலேயே காதல் கடிதத்தின் முதுகில் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று அச்சடித்து வந்தது இவர்களுக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

அவன் படிப்பு பாதியில் நின்றது. ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒரே குடும்பம். முதல் கடிதத்தில், "உன் பதிலுக்கு வலி மேல் விழி வைத்துக் காத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். கடைசியில், "தப்பு இருந்தா திருத்தி அனுப்பு, கத்துக்கிறேன்" என்றும் கேட்டிருந்தான். அவள் 'வலி'யைச் சுழித்து 'வழி' என்று திருத்தினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓரத்தில் சின்னதாக, "வலியும் சரிதான்" என்று எழுதி அனுப்பினாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் கடிதம் சிவப்பு மையோடு திரும்பிப் போகும், கூடவே அவள் கடிதமும் போகும். அடுத்த தபாலில் அவன் பழையதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவான், புதியதோடு. திருத்தக் குறிகளையும் அவனுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தாள். நீக்க வேண்டியதன்மேல் ஒரு கோடு. அவசரப்பட்டு அடித்துவிட்டோம், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் அந்தச் சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்'. பத்தி பிரிக்காமல் தொடர்ந்து போகட்டும் என்றால் வரிக் கடைசியிலிருந்து ஒரு வளைகோடு. கிரேன் ஓட்டுகிறவன் கை சைகையைப் பார்த்தே வேலை செய்கிறவன். குறி என்றால் சட்டென்று பிடித்துக்கொண்டான். எழுத்துத்தான் கடைசி வரை கைக்குள் வரவில்லை.

இவ்வளவும் இனிப்பாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் உறுத்தியது. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடியும்: "பார்க்கலாம்."

முதல் வருஷம் அவள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் வருஷம் கவனித்தாள். அந்த மூன்று வருஷத்தில் அவன் இரண்டு முறை லீவில் வந்தான், இரண்டு முறையும் முன்கூட்டிச் சொல்லாமல். மாலையில் அச்சக வாசலில் நின்றுகொண்டு, "என்ன கமா, வேலை முடிஞ்சுதா?" என்பான். நாலு நாள் இருப்பான். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும் என்று அவள் முதல் நாளிலிருந்து நினைப்பாள். நாலாம் நாள் ரயில் கிளம்பிவிடும். ஜன்னலிலிருந்து கையை ஆட்டி, "பார்க்கலாம்" என்பான். ரயில் போன பிறகு அந்தச் சொல் அவள் காதிலேயே கிடக்கும்.

தங்கைக்கு இதில் சந்தேகமே இல்லை. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். சின்ன வயசுல சைக்கிள் கேட்டேன், அப்பா பார்க்கலாம்னார். சைக்கிள் வந்துதா? டூர் போகக் கேட்டேன், பார்க்கலாம்னார். போனேனா? எங்க வீட்டுக்காரர்கிட்ட எதைக் கேட்டாலும் அதே பார்க்கலாம்தான். ஆம்பளைங்க எல்லாம் ஒரே அகராதியை வெச்சிருக்காங்க."

"போடி," என்று கமா அவள் வாயை அடக்கினாள். மனதை அடக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் வீட்டுப் பிரச்சினை ஒன்று. கமா இருந்தது அண்ணன் வீட்டில், அம்மாவோடு. அண்ணன் மகள்கள் இரண்டு பேரும் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். கமாவின் கட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவர் யாரானாலும் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணி நல்லவளாக இருந்ததுதான் கமாவுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டைக்காரியாக இருந்தால் எப்போதோ கிளம்பியிருக்கலாம்.

வீடு பார்த்தாள். அச்சகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் மாடி. முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, நடுவில் ஒரு கதவு. பின்னறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரிந்தது. நர்ஸம்மாவும் கமாவுக்குச் சளைத்தவர் இல்லை. குடிவருகிறவர்களுக்குப் படிவம் வைத்திருந்தார்.

"ஒருத்தரா, ரெண்டு பேரா? ஒருத்தர்னா முன்னறை மட்டும் தரேன், பின்னறைக்கு வேற ஆள் கேட்டிருக்காங்க. ரெண்டு பேர்னா முழு மாடியும் உனக்கு."

கமா தயங்கினாள். "இன்னும் சரியாத் தெரியலைம்மா. பார்க்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பார்க்கலாம்னெல்லாம் படிவத்துல எழுத முடியாதும்மா. எத்தனை பேர்னு கட்டம் இருக்கு பார், எண்ணால இல்ல, எழுத்தால எழுதணும். அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள கொடுத்துடு."

அன்று மாலையே அவனுக்கு எழுதினாள். அன்பு, நலம் எல்லாம் இரண்டு வரியில் முடிந்தது. மூன்றாவது வரியில், நம்ம விஷயத்தில் என்ன முடிவு என்று கேட்டுவிட்டாள். இப்படி நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எழுபத்தோராவது கடிதம் பதிலாக வந்தது. பாலம் முடிய இன்னும் எட்டு மாதம் என்று எழுதியிருந்தான். அது முடிந்ததும் இன்னும் உள்ளே தள்ளி வேறொரு பாலம், நாலு வருஷ வேலை, கையெழுத்துக் கேட்கிறார்கள். "நீ கேட்டதுக்கு எப்படிப் பதில் எழுதுரதுன்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன். உடம்பைப் பாத்துக்கோ. பார்க்கலாம்."

கமா அழவில்லை. அழுகிற ஆள் இல்லை என்று சொல்ல வரவில்லை, அன்று அழவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'எழுதுரது'வுக்குப் பெரிய 'ற' போட்டாள். கடைசிச் சொல்லுக்கு வந்ததும், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு கோடு. ஓரத்தில், குழப்பமான மருந்துத் தாளில் எழுதுவதையே எழுதினாள்: "தெளிவில்லை. தேதி தேவை." தனித்தாள் தேடக்கூடப் பொறுமை இல்லை. வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் மிச்சமிருந்த வெள்ளை முழுவதையும் சிவப்பாக்கினாள்.

"பாலத்தை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லல. தூரத்தைத் தாங்க எனக்குத் தெரியும், மூணு வருஷமா தாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன். தேதி இல்லாம தாங்க முடியாது. மாடி வீடு பார்த்திருக்கேன். ஒருத்தரா ரெண்டு பேரான்னு இருபதாம் தேதிக்குள்ள எழுதிக் கொடுக்கணும். உங்க பதிலைப் பார்த்துத்தான் எழுதுவேன். பதில் எதுவா இருந்தாலும் அந்த வீட்டுக்கு நான் போறேன். அது முடிவாயிடுச்சு."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அந்த இரண்டு வாரம் அவள் திருத்திய தாள்களில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை. "என்னம்மா, பேனாவா கத்தியா?" என்று மிஷின்காரர் கேட்டார்.

பதினெட்டாம் தேதி பதில் வந்தது. உறைக்குள் வேறு ஒன்றும் இல்லை. அதே தாள், அவள் சிவப்பு மையோடு. அவன் நீல மையில் செய்திருந்தது மூன்றே காரியம். அவள் அடித்த 'பார்க்கலா'முக்குக் கீழே வரிசையாக ஆறு புள்ளி. பக்கத்தில், 'இருக்கட்டும்'. அங்கிருந்து தாளின் விளிம்பு வரை ஒரு வளைகோடு.

அவள் கற்றுக் கொடுத்த குறிகள்தான். குருவுக்கே பாடம் எடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். பார்க்கலாம், அது இருக்கட்டும். வளைகோடு என்றால் தொடர்ந்து போகட்டும், பிரிக்க வேண்டாம். அதாவது இப்படியே ஓடட்டும், முடிவு எதுவும் கேட்காதே. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கைகழுவ முடியுமா? நெஞ்சு எரிந்தது. மூன்று வருஷம் ஒருத்தனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது, அவன் தன்னை ஏய்ப்பதற்கா?

மறுநாள் காலையில் நர்ஸம்மா வீட்டுக்குப் போய், நின்றபடியே படிவத்தை எழுதினாள். குடியிருப்போர்: ஒருவர். கையெழுத்து வழக்கம்போல் அச்சு மாதிரி இருந்தது.

இருபதாம் தேதி காலை, மூட்டை கட்ட உதவிக்குத் தங்கை வந்தாள். ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருந்த கடிதங்களைக் கமா அவள் முன்னால் தள்ளினாள்.

"இதையெல்லாம் ஒண்ணாக் கட்டு. பார்சல் போடணும்."

"எங்க?"

"எங்கிருந்து வந்துதோ அங்க."

நான் அப்பவே சொல்லலையா என்று தங்கை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். மேலாக இருந்தது கடைசித் தாள். அதை அடுக்கப் போனவள் கை நின்றது.

"அக்கா, இதுல இருமல் மருந்துமேல என்னமோ கிறுக்கியிருக்கே?"

"எதுமேல?"

"பின்னாடிக்கா. பின்பக்கம்."

மூன்று வருஷமாகப் பின்பக்கம் என்றால் மருந்து. அவளே திருத்திய தாள்கள், அவளுக்குத் தெரியாத வரி அதில் இல்லை. அதனால் அவள் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. வளைகோடு விளிம்போடு நின்றது ஏன் என்று இப்போது புரிந்தது. அவன் வரைந்தது திருத்தக் குறியே இல்லை. மறுபக்கம் திருப்பு என்று உலகத்தில் எல்லாரும் போடுகிற சாதாரண அம்புக்குறி. அதற்கு ஒரு முனை வரைய மறந்திருந்தான், அவ்வளவுதான். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் தாளைத் திருப்பியிருப்பார்கள். கமா குறியைப் படித்தாள்.

மருந்தின் வரிகளுக்கு நடுவே, மேல் ஓரம், கீழ் ஓரம், பக்கவாட்டு என்று கிடைத்த இடத்திலெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தான்.

"கமா, நீ அனுப்பின தாள் தீர்ந்துபோச்சு. உன் சிவப்பு மைக்கு நடுவுல எழுத இடமும் இல்ல. படகு கிளம்பிக்கிட்டு இருக்கு. அதான் இந்தப் பக்கம்.

எனக்கு ஏழு வயசு. எங்கப்பா வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு, போயிட்டு வரேன்னு சொன்னார். எல்லாரும் சொல்ற மாதிரிதான் சொன்னார். அப்புறம் காணவே இல்ல. சாகல, வேற ஊர்ல வேற குடும்பத்தோட இருந்தார்னு ரொம்ப வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது. அது தெரிஞ்ச பிறகும் எங்கம்மா, வரேன்னு சொல்லிட்டுத்தானே போனார்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கதவு சத்தம் கேட்டா கழுத்தைத் திருப்புவாங்க. கடைசி நாள் வரைக்கும் திருப்பினாங்க. அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொல்ரதில்லைன்னு அப்பவே வெச்சுக்கிட்டேன்.

பார்க்கலாம்னா உனக்கு மலுப்பல். எனக்கு அப்படி இல்ல. வரேங்கிறது ஒருத்தன் மட்டும் சொல்ற வார்த்தை. பார்க்கலாம்ல நீயும் இருக்கே, நானும் இருக்கேன். அதை அடிக்காதே. இருக்கட்டும்.

தேதி கேட்டே. நியாயம். அடுத்த மாசம் பதினாலு, பகல் ரயில்ல இறங்குரேன். பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. கல்யாணம் பதிவு பண்ண என்னென்ன வேணும்னு நீ விசாரிச்சு வை. நாலு வருசத்துக்குக் கையெழுத்துப் போடல. எட்டு மாசம் முடிச்சிட்டு ஊருக்குள்ளயே கிரேன் ஓட்டுரேன். ரெண்டு பேர்னு எழுது.

பார்க்கலாம்."

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமா செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுபத்தொரு கடிதத்தையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'பார்க்கலாம்' எல்லாவற்றிலும் இருந்தது. 'வரேன்' ஒன்றில்கூட இல்லை. புறப்படுறேன் இருந்தது, கிளம்புறேன் இருந்தது, வரேன் இல்லை. இருக்கிற பிழையைப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு, இல்லாத ஒரு சொல் மூன்று வருஷமாகக் கண்ணில் படவில்லை. அவன் அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. கதவுப் பக்கம் திரும்புகிற அந்தக் கழுத்தை நினைத்ததும் அழுகை வந்தது. தங்கை முன்னால் அழுவதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

அழுது முடித்ததும் கோபமும் வந்தது. "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்று தாளைப் பார்த்தே திட்டினாள். பிறகு மணியைப் பார்த்தாள். எட்டேகால். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கக்கா?"

"பிழை ஒண்ணு திருத்தணும்."

நர்ஸம்மா மாடிப்படியைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னறை கேட்ட ஆள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். கமா படிவத்தைக் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் தேடி எடுத்து வரும்வரை அவளுக்கு உட்கார முடியவில்லை. வந்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். 'ஒருவர்' என்பதில் முதல் எழுத்தின்மேல் மட்டும் ஒரு கோடு. ஓரத்தில் ஒரு 'இ'. பக்கத்தில் சுருக்கொப்பம்.

நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நேத்து ஒருத்தர்னு எழுதினே. ஒரே நாள்ல ரெண்டாயிட்டியா?"

"ஒரே ஒரு எழுத்துதாம்மா தப்பு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"ரெண்டாவது ஆள் எப்போ வர்றார்?"

"அடுத்த மாசம் பதினாலு. பகல் ரயில்."

"நிச்சயமா?"

கமா மூடியைப் பேனாவில் அழுத்தினாள். "எழுத்துல கொடுத்திருக்கார்."

அன்று மதியம் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பதில் எழுதினாள். மொத்தம் இருபத்தாறு பிழை, அதிலும் 'மழுப்பல்' என்று எழுதத் தெரியாதவன் எப்படி மழுப்புவான் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும், என்று ஆரம்பித்தாள். பார்க்கலாம் இருக்கட்டும், இனிமேல் அடிக்க மாட்டேன் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. "அதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு தேதி இருக்கணும். தேதி இல்லாத பார்க்கலாம் எங்கிட்ட செல்லாது. இன்னொண்ணு. மறுபக்கம் எழுதினா அம்புக்கு முனை போடுங்க." புதிய தாள் கட்டு ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். கடிதம் எப்படி முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல்லை அவள் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

பதினாலாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். பதிவு அலுவலகத்தின் விண்ணப்பம் கைப்பையில் இருந்தது. ரயில் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் யாரோ. கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்தாள். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பிய பிறகுதான் அது யாருடைய பழக்கம் என்று தெரிந்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழுந்தாள். தகவல் பலகைக்குப் போய் நாளைக்கும் இதே ரயில் உண்டா என்று பார்த்தாள். இருந்தது. வேலைக்குத் திரும்பிப் போனாள். தங்கை கேட்டபோது, "நாளைக்குப் போறேன்," என்றாள். "நாளைக்கும் இல்லைன்னா?" என்றாள் தங்கை. "ஆத்துக்குப் போற படகு வியாழக்கிழமைதானே கிளம்புது. அதுல ஏறிப் போய் நேருக்கு நேரா கேக்குறேன். அம்மா மாதிரி கதவைப் பார்த்து உட்கார எனக்கு நேரமில்ல." எந்த அம்மா என்று தங்கைக்குப் புரியவில்லை.

பதினைந்தாம் தேதி, அதே ரயில். மூன்றாவது பெட்டியிலிருந்து இறங்கினான். முகமெல்லாம் வெயில், சட்டையில் டீசல் கறை, கையில் ஒரு பெரிய பை. அவளைப் பார்த்ததும் கால் தயங்கியது. எதிரே வந்து நின்றான். வழக்கம்போல், என்ன கமா வேலை முடிஞ்சுதா என்று கேட்பான் என்று நினைத்தாள். திட்டுவதற்கு நேற்றிலிருந்தே வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

பையைக் கீழே வைத்தான். "வந்துட்டேன்," என்றான்.

மூன்றரை வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்ததன்மேல் மனதுக்குள் ஒரு கோடு போட்டாள்.

"படகு இஞ்சின் நின்னுபோச்சு," என்றான் அவசரமாக. "தேதியில ஒரு நாள் பிழை."

"இருக்கட்டும்," என்றாள் கமா. பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினாள், மறுகாதை அவன் பிடித்துக்கொண்டான்.